ஸ்ப்ளெண்டருக்கு பைபாஸ் ஃபில்டர் வேண்டாம்

வணக்கம் நண்பரே. பழைய ஸ்ப்ளெண்டரில் சிலிண்டர் தலைக்கு ஆயில் போகும் வழியில் கிளை எடுத்து, காரின் பைபாஸ் ஃபில்டரைப் பொருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு சிறு பங்கைப் பிரித்து, மெதுவாக வடிகட்டி, நேராக இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கே திருப்பி அனுப்புவதுதான் பைபாஸ் ஃபில்டர். அந்தப் பங்கு எந்த பேரிங்குக்கும் போய்ச் சேராது. கார் பம்ப் இதைத் தாங்கும். உங்கள் 97.2 சிசி இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) உருளும் பேரிங்குகளில் சுற்றுகிறது; அதிக அழுத்தம் தேவையில்லாததால் பம்ப்பும் சிறியது. தலைக்குப் போவதைத் திருப்பினால், அங்கே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்தான் ஆயில் இல்லாமல் பட்டினி கிடக்கும்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஒரு நல்ல ஃபில்டர் இருக்கிறது: கிராங்க் முனையில் சுழன்று, அழுக்கை ஓரத்துக்குத் தள்ளிப் படியவைக்கும் மையவிலக்கு ஃபில்டர். அதைத் திறந்து பார்க்காமலே ஆயில் மாற்றும் மெக்கானிக்குகள்தான் அதிகம்! ஆயிலை வடித்து, கிக்கரையும் வலப்பக்க மூடியையும் கழற்றுங்கள். ரோட்டரின் (அந்தச் சுழலும் ஃபில்டரின்) மூடியிலுள்ள திருகுகள் எளிதில் தலை சிதையும். சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் பயன்படுத்துங்கள். உள்ளே படிந்த கருஞ்சேற்றை வழித்து, மண்ணெண்ணெயால் துடைத்து, கீழேயுள்ள கம்பிவலையையும் கழுவுங்கள். மூடியின் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும்.

கிளட்ச், கியர், இன்ஜின் மூன்றுக்கும் ஒரு லிட்டருக்குக் குறைவான அதே ஆயில்தான். அதில் கலந்த பெட்ரோலை எந்த ஃபில்டரும் பிரிக்காது. ஆயிலைச் சற்று முன்கூட்டியே மாற்றுங்கள். ஃபில்டர், குழாய், இணைப்புகளுக்கு ஆகும் செலவைவிட அது மலிவு.