செய்வினை எடுக்க 3,000 ராண்ட் கொடுக்கும் முன்

கேள்வி: ஒரு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பள்ளி வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். ஒரு வாரம் லீவு போட்டும் குறையவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார் மாமியார். அதை எடுக்க ஒருவர் 3,000 ராண்ட் கேட்கிறார். இது வெறும் களைப்பா? டாக்டரிடம் போக வேண்டுமா? (ஆசிரியை, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: போகத்தான் வேண்டும் அம்மா, இந்த வாரமே. களைப்பாக இருந்தால் அந்த ஒரு வார ஓய்வில் கொஞ்சமாவது இறங்கியிருக்கும். தூக்கம் கெட்டு, பிடித்த காரியத்திலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போய், அன்றாட வேலையும் தடைப்பட்டால் அது மனச்சோர்வு (டிப்ரஷன்) என்ற நோயாக இருக்கலாம். முதலில் உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் இப்படித்தான் படுத்தும், ரத்தம் பார்த்துவிடுவார்.

இரண்டு வாரம் என்ற கணக்கு ஒரு விஷயத்துக்குச் செல்லாது. "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்ற எண்ணம் ஒரே ஒரு நாள் வந்தாலும் காத்திருக்காதீர்கள். கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் எலி மருந்தையும் அவர் எடுத்துப் பூட்டி வைக்கட்டும். 0800 567 567 என்ற இலவசத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அந்த எண்ணம் விடாமல் அழுத்தினால் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் கணவரும் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

சரி, அந்த 3,000 ராண்டுக்கு வருகிறேன். கொடுக்காதீர்கள். கோயிலுக்குப் போங்கள், விளக்கேற்றுங்கள், அதில் மனம் ஆறும். ஆனால் பயத்தைக் காட்டிக் காசு கேட்பவன் ஒரு தடவையோடு விடமாட்டான். "கட்டு பலமாக இருக்கிறது, இன்னொரு பூஜை வேண்டும்" என்பான். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வான். இப்படி நிறுத்திவிட்டு, நிலைமை முற்றியபின் என்னிடம் கூட்டிவரப்பட்டவர்கள் பலர். கோட்டு போட்டுக்கொண்டு 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டியவர்களிலும் இந்த ரகம் உண்டு. உளவியலாளர் என்று யார் சொன்னாலும் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் கவுன்சிலின் (HPCSA) இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள், காசில்லை. பெயர் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டும் மருத்துவச் செலவுத் திட்டம்) இருந்தால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பெரும் மனச்சோர்வு என்று டாக்டர் எழுதினால், வருடத்துக்கு 15 முறை வரை வெளிநோயாளியாக உளவியலாளரைப் பார்க்கும் செலவு எந்த மெடிக்கல் எய்டும் சட்டப்படி தந்தாக வேண்டிய குறைந்தபட்ச உரிமையில் வரும். மெடிக்கல் எய்ட்காரர்கள் தாங்களாகச் சொல்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். மெடிக்கல் எய்ட் தொடர்ந்து மருந்துச் செலவு தந்தாக வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருமுனைக் கோளாறு (மனம் அளவுக்கு மீறி எழும்பியும் பிறகு சோர்ந்தும் மாறும் நோய்) இருக்கிறது, மனச்சோர்வு இல்லை. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது என்ன நியாயம்? மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் அரசு கிளினிக்கில் காட்டலாம். விடியுமுன்பே வரிசை, அப்புறம் உளவியலாளரைப் பார்க்க நீண்ட காத்திருப்பு. கோபம் வரத்தான் செய்யும், ஆனாலும் இடத்தை விட்டுவிடாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எத்தனை நாளாக, காரிலிருந்து இறங்க முடியாமல் போனது எப்போது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேச நா எழாவிட்டால் தாளை நீட்டினாலே போதும்.