15,300 கிலோமீட்டருக்கு பதினெட்டே முக்கால் மணி நேரமா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய நெவார்க் விமான நிலையத்துக்கு 15,300 கி.மீ. என்று இணையக் கணிப்பான் காட்டுகிறது. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 17 மணி நேரம்தானே வரும்? டிக்கெட்டில் பதினெட்டே முக்கால் என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். கணிப்பானிலும் தப்பில்லை. அது சொல்வது, உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம். விமானம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே பறக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நீங்கள் கேட்டிருக்கும் பாதையையே பாருங்கள். சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கில், நெவார்க் 74 டிகிரி மேற்கில். இரண்டையும் கூட்டினால் 178. உலகத்தில் பாதிச் சுற்று. அதனால் குறுகிய வழி வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. ஆனால் 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த நேரடிச் சேவையை மறுபடி தொடங்கியபோது அறிவித்த தூரம் சுமார் 16,700 கி.மீ. அதைப் பதினெட்டே முக்காலால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 890 கி.மீ. வரும். கணக்கு நேராகிவிட்டது!

1,400 கி.மீ. கூடுதலாக ஏன் சுற்ற வேண்டும்? காற்றுதான் முக்கியக் காரணம். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். பசிபிக் பக்கமாகப் போனால் அது பின்னாலிருந்து தள்ளும். லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்ப 7 தான் என்பதும் இதனால்தான். வான்வெளித் தடைகளும் உண்டு: 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரம் ஆனது.

அவசரக் கணக்குக்கு, கணிப்பான் தரும் தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி சேருங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடங்கிவிடும்.

அப்புறம் கடிகாரம். இதில்தான் பலர் குழம்புகிறார்கள். ஜனவரியில் சிங்கப்பூர் 13 மணி நேரம் முன்னால் இருக்கும். அமெரிக்கக் கோடை நேரத்தில் 12. ஜனவரிக் கணக்கில், இரவு 11.55-க்குக் கிளம்பினால் மறுநாள் காலை 5.40-க்கு இறங்குவதாகத் தெரியும். ஏதோ ஆறு மணி நேரப் பயணம் போல! திரும்பும்போது நேர்மாறு. திங்கள் இரவு 10 மணிக்கு ஏறி 19 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் புதன் காலை 6 மணி. அழைக்க வருபவரிடம் நேரத்தோடு கிழமையையும் சொல்லிவிடுங்கள்.