ஒரே தாலுகா அலுவலகம், இரண்டு சான்றிதழ்: ரயில்வே வேலைக்கு எது செல்லும்?

வாசகர் கேள்வி: அயோத்தியாப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் ரயில்வே தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனான். பள்ளிக் காலத்திலிருந்து வைத்திருக்கும் எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) சாதிச் சான்றிதழைக் காட்டியிருக்கிறான். "இது மாநில வேலைக்குத்தான் செல்லும், ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாலுகா அலுவலகத்துக்கு வெளியே ஒருவர், "டெல்லி வரை போய் வர வேண்டிய வேலை. அதோடு உங்கள் வீட்டுக்காரர் வாத்தியார், வருமானம் 8 லட்சத்தைத் தாண்டுகிறது, குறைத்துக் காட்ட வேண்டும், 15,000 ஆகும்" என்கிறார். அசல் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார். கணவர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறோம். நான் வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் சாதி சென்னைக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று என்று மாறுமா?

பதில்: அம்மா, முதலில் அந்த ஆளுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொன்ன இரண்டுமே தவறு. இந்த வேலை டெல்லிக்குப் போகாது. உங்கள் வருமானத்தைக் குறைத்துக் காட்ட வேண்டிய தேவையும் இல்லை.

உங்கள் சாதி மாறாது. மாறுவது வேலை கொடுக்கும் அரசு. நம் நாட்டில் எல்லா வேலையையும் ஒரே அரசு பார்ப்பதில்லை. எதை யார் பார்ப்பது என்று அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல் போட்டுப் பிரித்திருக்கிறார்கள்: ஒன்றிய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. ரயில்வே, ஒன்றியப் பட்டியலில் 22-வது இனம். காவல், மாநிலப் பட்டியலில் 2-வது இனம். சூரமங்கலத்தில் சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள், இரண்டு விதமான போலீஸ் இருப்பார்கள். ரயில்வே சொத்தைக் காப்பவர்கள் ஆர்.பி.எஃப்., அது ஒன்றிய அரசின் படை. உங்கள் பெட்டி திருட்டுப் போனால் வழக்குப் பதிவு செய்வது இருப்புப்பாதை காவல் நிலையம், அது தமிழ்நாடு போலீஸ். வாசலைத் தாண்டினால் தெருவிளக்கு மாநகராட்சியுடையது. ஐம்பதடி தூரத்துக்குள் மூன்று நிர்வாகம்.

இடஒதுக்கீடும் அப்படித்தான். ஒவ்வொரு அரசும் தன் வேலைக்குத் தானே பட்டியல் வைத்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1920-களிலேயே வகுப்புவாரி ஆணை வந்துவிட்டது. இன்று தமிழ்நாட்டில் மொத்த ஒதுக்கீடு 69 விழுக்காடு, அதில் உங்கள் எம்.பி.சி. பிரிவும் சீர்மரபினரும் சேர்ந்து 20. ஒன்றிய அரசு வேலையில் ஓ.பி.சி.க்கு 27 விழுக்காடு என்று மண்டல் குழு அறிக்கையை வைத்து அறிவித்தது 1990-ல். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது 1992 நவம்பரில். ஏற்கும்போதே, பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்களை விலக்க வேண்டும் என்றது. அதுதான் கிரீமி லேயர். தமிழ்நாடு தன் ஒதுக்கீட்டில் அப்படி யாரையும் விலக்குவதில்லை. அதனால் மாநிலச் சான்றிதழில் சாதி மட்டும் இருந்தால் போதும். ஓ.பி.சி. சான்றிதழில் சாதியோடு, "இவர் கிரீமி லேயரில் வரமாட்டார்" என்ற வரியும் வேண்டும். எம்.பி.சி. என்ற தனிப் பிரிவே ஒன்றிய அரசிடம் கிடையாது, அதன் பட்டியலில் உள்ளவர்கள் எல்லாம் அங்கே ஓ.பி.சி.தான்.

இரண்டு சான்றிதழையும் என் மேசையில் அருகருகே வைத்துக் காட்டினால் வருகிறவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஓ.பி.சி. சான்றிதழில், கிரீமி லேயர் விதிகளைச் சொல்லும் ஒன்றிய அரசின் 8.9.1993 தேதியிட்ட ஓர் அலுவலகக் குறிப்பாணை எண் இருக்கும். ஆனால் இரண்டையும் வழங்குவது ஒரே தாலுகாவின் வருவாய்த் துறைதான். ஒன்றிய அரசுக்கென்று நம் ஊரில் தனித் தாலுகா அலுவலகம் இல்லை. அதன் வேலையில் பெரும்பகுதியை மாநில அதிகாரிகளே செய்து கொடுக்கிறார்கள். நம் கூட்டாட்சி நடக்கும் விதம் இது. இது தெரியாத மக்களிடம்தான் "டெல்லிக்குப் போய் வரணும்" என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் மூன்று பட்டியல் இருக்கிறது. எந்தச் சான்றிதழ் எந்த அரசுக்கு என்பது மட்டும் எந்தத் தாலுகா அலுவலகச் சுவரிலும் எழுதியிருக்காது. எழுதி வைக்கச் சொல்லி எத்தனை மனு கொடுத்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது.

சரி, வருமானம். 8 லட்சம் என்ற வரம்பு உண்மைதான், 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடர்ந்து மூன்று ஆண்டு வருமானத்தைப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கணக்கில் சம்பளமும் சேராது, விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியர் வீடு என்றால் பார்ப்பது பதவியின் நிலையை: பெற்றோர் எந்தக் குரூப்பில் இருக்கிறார்கள் என்று. இடைநிலை ஆசிரியர், கிரீமி லேயரில் வரக்கூடிய உயர்பதவிகளான குரூப் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. மரவள்ளிக் கிழங்கை மில்லுக்குப் போட்டு வரும் பணமும் கணக்கில் வராது. வாடகை, வியாபாரம் போன்ற வேறு வருமானம் நீங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆகவே ஒன்றிய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் சாதி இருந்தால், உள்ளதை உள்ளபடி காட்டினாலே உங்கள் மகனுக்குத் தகுதி உண்டு.

இங்கேதான் அந்த ஆளின் யோசனை ஆபத்தாகிறது. இல்லாத பிரச்சினைக்கு ஒரு பொய் வருமானச் சான்று வாங்கிக் கொடுப்பார். வேலையில் சேர்ந்து நான்கு வருடம் கழித்து அது சரிபார்ப்பில் மாட்டும். அப்படி மாட்டிய ஒரு பையனின் கோப்பு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அவனும் ஆசிரியர் மகன்தான். உண்மையைச் சொல்லியிருந்தாலே சான்றிதழ் கிடைத்திருக்கும். வேலை போய், வழக்கும் வந்து, கல்யாணமும் நின்றது. வாங்கிக் கொடுத்தவர் மட்டும் அதே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

நேராக இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்ப எண் ரெவ்-115. சாதிச் சான்றிதழுக்கான ரெவ்-101-ஐப் போட்டுவிட்டு, வந்தது பழைய மாதிரியே இருக்கிறதே என்று திரும்பி வருபவர்கள் அதிகம். கட்டணம் 60 ரூபாய். கணவரின் சம்பளச் சான்று, பதவி குறித்த விவரம், மகனின் சாதிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். வி.ஏ.ஓ.வோ (கிராம நிர்வாக அலுவலர்) ஆர்.ஐ.யோ (வருவாய் ஆய்வாளர்) சம்பளத்தைக் கூட்டி 8 லட்சம் தாண்டுகிறது என்று சொன்னால், 1993 குறிப்பாணைப்படி சம்பளம் சேராது என்று எழுத்திலேயே கொடுங்கள். தாமதமானால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு போடுங்கள். பிரதமருக்கு ஆன்லைனில் மனு அனுப்பாதீர்கள். தாலுகா சான்றிதழ் மாநில வேலை என்பதால், அது சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து சேரும், நாள்தான் வீணாகும். ரயில்வேயிடம் மகன் இன்றே எழுத்தில் அவகாசம் கேட்கட்டும். அறிவிக்கையில் எந்தத் தேதிக்குள் பெற்ற சான்றிதழ் வேண்டும் என்று போட்டிருப்பதையும் பார்க்கட்டும்.

இதைப் படித்துவிட்டு ஏற்காட்டிலிருந்து யாராவது, "எங்களுக்கும் இரண்டு சான்றிதழா?" என்று கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் இரண்டு பட்டியல் கிடையாது. குடியரசுத் தலைவர் ஆணையில் உள்ள ஒரே பட்டியல்தான், இரண்டு அரசுக்கும் அதுவே. அதை மாற்ற நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். மாநில அரசு பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில், எத்தனையோ ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல, இங்குள்ள மலைவாழ் மக்கள்) அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் சேலம், தர்மபுரி என்று சில மாவட்டங்களின் பெயரைச் சொல்லித்தான் அதில் எழுதியிருக்கிறது. காவிரிக்கு அந்தப் பக்கம் பர்கூர் மலையில் அதே மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மாவட்டம் அதில் இல்லை. ஒரே மொழி, ஒரே வழக்கம், பெண் கொடுத்து எடுக்கும் உறவு, இருந்தும் மாவட்ட எல்லை குறுக்கே நிற்கிறது. கலெக்டர் நினைத்தாலும், முதலமைச்சர் நினைத்தாலும், நீதிமன்றம் நினைத்தாலும் ஒரு சொல்லைக்கூட அதில் சேர்க்க முடியாது. இதற்கும் "சேர்த்துத் தருகிறேன்" என்று பணம் வாங்குகிறவர்கள் உண்டு. பழங்குடிச் சான்றிதழ் தருவதும் தாசில்தார் இல்லை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்).

அப்புறம் அம்மா, அந்த ஆள் கையிலிருக்கும் அசல். கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். அது இணையத்தில் பெற்ற சான்றிதழாக இருந்தால், விண்ணப்ப எண்ணைச் சொல்லி இ-சேவை மையத்திலேயே மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பழைய அட்டையாக இருந்தால் அவரிடம் ஒருமுறை கேளுங்கள், தரவில்லையென்றால் அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.