பயணம் கேளுங்கள்: பூமியின் மறுபக்கத்தில் நான்கு இரவு

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 56 வயது, என் கணவருக்கு 63. செப்டம்பரில் ஒரு குழுவோடு கலாபகோஸ் தீவுகளுக்குப் போகிறோம். அதற்கு முன் எக்குவடோரின் தலைநகரான கீட்டோவில் நாங்கள் இருவர் மட்டும் நான்கு இரவு தங்குகிறோம். மகன் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறான்: முதல் நாள் காலை கேபிள் கார், மதியம் பூமத்திய ரேகை, மாலை பழைய நகரம். மற்ற நாள்களுக்கு வெளியூர்ச் சுற்றுலா. கணவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இந்தப் பட்டியல் சரியா? – ஈசூன் வாசகி

பதில்: தங்கச்சி, மகன் ஆசையாகப் போட்டிருக்கிறார். ஆனால் அதை அப்படியே கீழிருந்து மேலாகத் திருப்பிப் போடுங்கள். கேபிள் கார் கடைசி நாளுக்குப் போகட்டும். வெளியூர்ச் சுற்றுலா வேண்டாம். முதல் நாளில் எதுவுமே வேண்டாம்.

எல்லாம் உயரத்தை வைத்துத்தான் சொல்கிறேன். கீட்டோ கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,850 மீட்டரில் இருக்கிறது. சிங்கப்பூரில் நம் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்; அப்படிப் பதினேழு குன்றுகளை அடுக்கினால்தான் அந்த ஊர்த் தெரு வரும். அங்கே ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் உயிர்வாயு, சிங்கப்பூரில் கிடைப்பதில் முக்கால் பங்குகூட இல்லை.

தேக்காவில் ஒரு பயண முகவர் கடையில் 27 ஆண்டு டிக்கெட் போட்டேன். உயரமான ஊர்களுக்குப் போகிறவர்களிடம் "முதல் நாள் ஓய்வெடுங்கள்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்கே புரிந்தது 2024 ஜூலையில், என் தங்கையோடு கீட்டோவில் இறங்கியபோதுதான். தங்குமிடம் இரண்டாம் மாடி, மின்தூக்கி கிடையாது. பெட்டிகளை அந்த வீட்டுப் பையன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வெறுங்கையோடு ஏறிய எனக்குப் பதினான்காவது படியில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றேன். மேலே வந்த பிறகும் செருப்பைக் கழற்றக் குனிய முடியவில்லை, தங்கைதான் கழற்றிவிட்டாள். இரவு முழுக்க நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறித்தது. மறுநாள் மதியம் தானாகவே தணிந்துவிட்டது. அந்த முதல் நாளில் நான் கேபிள் கார் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அது 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது.

அதனால் பெட்டி கட்டுமுன் இருவரும் மருத்துவரைப் பாருங்கள். பலதுறை மருந்தகத்தில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரே போதும். "2,850 மீட்டரில் நான்கு இரவு" என்று எண்ணோடு சொல்லுங்கள். மலைக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னால் கேமரன் மலை என்று நினைத்துக்கொள்வார். உயரத்துக்கான மாத்திரை வேண்டுமா, அழுத்த மாத்திரையின் அளவு அப்படியே இருக்கலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தெரிந்தவர் கொடுத்தார் என்று எதையும் விழுங்காதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றியும் அன்றைக்கே பேசிவிடுங்கள். நம் ஆள்கள் அதிகம் மறப்பது இதைத்தான். கீட்டோவின் குளிரில் அந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு வேலையில்லை. ஆனாலும் சாங்கி விமான நிலையத்தில் கேட்கப்போவது நீங்கள் எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்பதை. எந்த நகரிலிருந்து என்பதை அல்ல. எக்குவடோர் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாள்களுக்குள் வருகிறவரிடம் தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் புத்தகம் இல்லையென்றால் தனிமைப்படுத்தவும் அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுளுக்கும் செல்லும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியை யோசித்துத்தான் போடுவார்கள். உங்கள் கணவருக்கு 63 என்பதால் இரண்டு மாதம் முன்பே போங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால், அவருடைய கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று விசாரிக்க அவகாசம் இருக்கும்.

சரி, இனி நாள்கள். முதல் இரவு நகருக்குள் போகவே வேண்டாம். விமான நிலையம் நகருக்கு வெளியே தபபேலாவில், சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது. பக்கத்தில் கும்பாயா பள்ளத்தாக்கும் ஏறக்குறைய அதே உயரம். அங்கே ஓர் இரவு தூங்கி எழுந்து மேலே போனால் உடம்பு நன்றி சொல்லும். நேர வித்தியாசமும் லேசுப்பட்டதில்லை. நமக்கு இரவு ஏழு மணி என்றால் அவர்களுக்கு அன்று காலை ஆறு மணி.

இரண்டாம் நாள் பழைய நகரம். உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1978இல் முதன்முதலாகச் சேர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. 2023 டிசம்பரில் மெட்ரோ வந்துவிட்டது, கட்டணம் 45 அமெரிக்கக் காசு. சான் பிரான்சிஸ்கோ நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் தேவாலயத்தின் முன்னால் இருக்கும் பெரிய கல் சதுக்கத்தில் நிற்பீர்கள். உள்ளே பலிபீடத்தில் இறக்கை விரித்த மாதா சிலையைப் பாருங்கள். 1734இல் மரத்தில் செதுக்கியது. எதிரே பனெசியோ குன்றின் உச்சியில் நிற்கும் பெரிய அலுமினிய மாதா இதைப் பார்த்துச் செய்ததுதான். நாலு எட்டில் லா கொம்பானியா தேவாலயம். 1605இல் தொடங்கிக் கட்டி முடிக்க 160 ஆண்டு ஆனது. சுவர், தூண், கூரை எல்லாம் தங்கத் தகடு. நான் ஓரத்துப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் சன்னல் மாறும்போது தங்கத்தின் நிறமும் மாறுகிறது, முதலில் மஞ்சளாக, பிறகு செம்பு மாதிரி. நடந்து பார்ப்பதைவிட உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் அது.

தெம்பு இருந்தால் பசிலிக்கா என்ற பெரிய தேவாலயத்துக்கு டாக்சியில் போங்கள், வழி ஏற்றம். ஐரோப்பியக் கோயில்களில் சுவரிலிருந்து பூதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே அந்த இடத்தில் எக்குவடோரின் சொந்த விலங்குகள், ஆமை, உடும்பு, எறும்புண்ணி. கலாபகோஸில் உயிரோடு பார்க்கப்போகும் ஆமையை இங்கே கல்லில் பார்த்துவிட்டுப் போகலாம். நம் கோயில் யாளிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பிடிக்கும்.

மூன்றாம் நாள் பூமத்திய ரேகை, நகருக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணம். 30 மீட்டர் உயர நினைவுச்சின்னமும் தரையில் மஞ்சள் கோடும் இருக்கும். உண்மையான ரேகை அங்கிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளிப் போகிறது. அதற்காக வருத்தப்படாதீர்கள், 1736இல் இங்கே வந்து பூமியை அளந்த பிரெஞ்சு அறிஞர்களின் நினைவாக எழுப்பிய இடம் அது. கோட்டின் இரு பக்கமும் தண்ணீர் எதிரெதிராகச் சுழல்வதாகக் காட்டுவார்கள். அது ஊற்றுகிற கையின் வேலை. பூமியின் சுழற்சிக்கு ஒரு வாளித் தண்ணீரைத் திருப்பும் பலம் கிடையாது.

எனக்கு அங்கே மனத்தைத் தொட்டது வேறு. சிங்கப்பூர் இந்த ரேகைக்கு வடக்கே வெறும் 140 கிலோமீட்டரில் இருக்கிறது. நம் காலடியில் துளை போட்டு நேராக இறங்கினால் வெளியே வரும் இடம் எக்குவடோரின் கிழக்குக் காடு. கீட்டோவிலிருந்து 300 கிலோமீட்டர்கூட இல்லை. பூமியில் நம் வீட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கேயும் பகலும் இரவும் பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரம்தான். ஆனால் நான் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன்.

நான்காம் நாள் காலை எட்டரைக்கெல்லாம் கேபிள் கார். மதியம் மேகம் மூடிவிடும். தலை வலித்தால், மூச்சு வாங்கினால் விட்டுவிடுங்கள். டிக்கெட் எடுத்தாயிற்றே என்று மட்டும் ஏறாதீர்கள்.

கேள்வி: அக்கா, நானும் கீட்டோ போகிறேன். வாரத்தில் இரண்டு நாள் சைவம். குட்டி ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா? பணம் எப்படிக் கொண்டு போவது? – பொங்கோல் வாசகி

பதில்: குக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நம்முடையது 230 வோல்ட், அங்கே 120. சோறு வேகும் அளவுக்குச் சூடு ஏறாது.

அடுப்பு உள்ள வீடாக எடுத்தாலும் சோறு வேறு மாதிரிதான் நடந்துகொள்ளும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். நாங்கள் வாங்கிய அரிசி தளதளவென்று கொதித்தது, அரை மணி நேரம் கொதித்தது. விரலில் நசுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி அப்படியே இருந்தது. எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா ஒன்றும் பேசாமல் கீழே போய் ஒரு பிரஷர் குக்கரைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தார். எங்கள் அம்மா வீட்டில் இருந்த மாதிரியே கைப்பிடி கருகிய பழைய அலுமினியக் குக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. விசில் வந்ததும் மூவரும் ஒருசேர அடுப்பைத் திரும்பிப் பார்த்தோம்.

வெளியே சாப்பிட லோக்ரோ தே பாபா கேளுங்கள். உருளைக்கிழங்கும் சீஸும் சேர்ந்த கெட்டி சூப், மேலே அவகாடோ. உமீத்தா என்று ஒன்று, அரைத்த இளஞ்சோளத்தைச் சோள மடலிலேயே பொதிந்து அவிப்பது; ஏறக்குறைய நம் இலைக் கொழுக்கட்டைதான். மேசையில் ஆஹி என்ற மிளகாய்ச் சாறு இருக்கும், அதுதான் நமக்குத் துணை. சைவ நாளில் "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் போதாது. கார்னே என்றால் அவர்களுக்குப் பெரும்பாலும் மாட்டிறைச்சி, கோழி போட்டுத் தந்துவிடுவார்கள். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் சொல்லுங்கள். சூப்பின் சாறு எதில் வைத்தது என்றும் கேளுங்கள்.

2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே அமெரிக்க டாலர்தான். 50, 100 நோட்டுகளைச் சின்னக் கடைகளில் வாங்கவே மாட்டார்கள். ஒன்று, ஐந்து, பத்தாகக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மீதியாகப் பொன்னிற ஒரு டாலர் நாணயம் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டாம். அமெரிக்காவில் அதிகம் கண்ணில் படாத நாணயம், இங்கே தினமும் கைமாறுகிறது.

கேள்வி: நான் நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். சிங்கப்பூர் நண்பர்களோடு அமெரிக்கா வழியாகக் கீட்டோ போக முடியுமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: தம்பி, நண்பர்களின் விதி உங்களுக்குப் பொருந்தாது. அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்குக்கூட உங்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். நண்பர்கள் இணையத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மாட்ரிட், ஆம்ஸ்டர்டாம் வழியாகவும் கீட்டோவுக்கு விமானம் உண்டு, அங்கேயும் உங்களுக்கான விதியைத் தனியாகப் பாருங்கள். எக்குவடோர் விசா விவரத்தையும் உறுதி செய்த பிறகு டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: செய்திகளைப் பார்த்தால் எக்குவடோர் போகவே பயமாக இருக்கிறது. போகலாமா? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: பயம் நியாயமானதுதான். 2024 ஜனவரியில் அந்த அரசாங்கமே குற்றக் கும்பல்களை எதிர்த்து உள்நாட்டு ஆயுத மோதல் என்று அறிவித்தது. வன்முறை அதிகம் இருப்பது குவாயாகில் போன்ற கடலோரப் பகுதிகளில். கீட்டோவில் நாம் எதிர்கொள்ளக்கூடியது பெரும்பாலும் கைத்தொலைபேசிப் பறிப்பும் பிக்பாக்கெட்டும். நான் தெருவில் தொலைபேசியை வெளியே எடுக்கவே இல்லை. பார்க்க வேண்டுமென்றால் கடைக்குள் போய் நின்று பார்த்தேன். பனெசியோ குன்றுக்குப் படியேறி நடந்து போகாதீர்கள், டாக்சியில் போய் அதையே காத்திருக்கச் சொல்லுங்கள். மாலை ஆறேகாலுக்கு இருட்டிவிடும். அதன் பிறகு இரண்டு தெருவானாலும், விடுதியில் சொல்லிக் கூப்பிட்ட டாக்சிதான்.

கிளம்புமுன் நம் வெளியுறவு அமைச்சின் பயண ஆலோசனையைப் படித்து, பயணத்தைப் பதிவு செய்யுங்கள். கீட்டோவில் நமக்குத் தூதரகம் இல்லை, அதனால் இது முக்கியம். ஆலோசனை கடுமையாக இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம், அந்த ஊரில் போராட்டம் என்றால் சாலையை மறிப்பார்கள். 2019இலும் 2022இலும் நாள்கணக்கில் மறித்தார்கள். கலாபகோஸ் விமானம் பிடிக்க வேண்டியவர்கள் கடைசி இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஈசூன் தங்கச்சிக்கும் இதே யோசனைதான். கேபிள் காரிலிருந்து இறங்கிச் சாப்பிட்டதும் பெட்டியோடு தபபேலாவுக்குப் போய்விடுங்கள். தீவுக்குப் போகும் பெட்டியைத் திறந்து சோதிப்பார்கள், பழம், விதை எதுவும் இருக்கக் கூடாது. தேசியப் பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து ஆளுக்கு 200 டாலர். அதை ரொக்கமாகத் தனி உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.