மெலிந்த பிறகுதான் கிரவுண்டா?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. உயரம் 138 செ.மீ., எடை 48 கிலோ. பள்ளியில் 600 மீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்தான், பையன்கள் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து பி.டி. பீரியட் என்றாலே வயிறு வலிக்கிறது என்கிறான். "முதல்ல எடை குறையட்டும், அப்புறம் விளையாட அனுப்பலாம்" என்கிறார் அவன் அப்பா. "வளர்ற பையன், கண்ணு வெக்காதீங்க" என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: ரெண்டு பேர் சொல்வதும் சரியில்லை, அம்மணி.

உங்கள் கணக்குப்படி பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 25-ஐத் தாண்டுகிறது. குழந்தைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் பத்து வயதுப் பையனுக்கு இது பருமன்தான். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஆனால் அவன் அப்பா சொல்கிற வரிசை தலைகீழ். ஓடும்போது உடம்பு முழுவதையும் அவனேதான் சுமக்க வேண்டும், அதனால் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்குவதால் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான், உட்கார உட்கார இருக்கிற தெம்பும் போய் எடை இன்னும் ஏறுகிறது. இதை விளையாட்டுப் பக்கமிருந்து அறுப்பதுதான் சுலபம். எடை அப்படியே இருந்தாலும், விடாமல் விளையாடினால் ஓரிரு மாதத்தில் இதயமும் தசையும் தேறுவது தெரியும்.

அதுக்காக ஓட்டத்திலேயே தொடங்க வேண்டாம். எடை கூடுதலான பிள்ளைகள் ஓட்டத்தில் பின்தங்கினாலும் கைப்பிடி வலுவிலும் எறிவதிலும் ஒல்லிப் பையன்களை மிஞ்சுவது உண்டு, குண்டு எறிதலும் கயிறு இழுத்தலும் அவனுக்குத் தோதானவை. நீச்சலில் தண்ணீரே எடையைத் தாங்கிக்கொள்ளும் (கிணறோ வாய்க்காலோ, பெரியவர் ஒருவர் கூட இறங்க வேண்டும்). சாயங்காலம் ஊர் ஊருக்கு வள்ளிகும்மி பழக்குகிறார்களே, அதில் சேர்த்துவிடுங்கள். நன்றாக வேர்க்கும், கடைசியாக வருவது என்ற பேச்சே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது தினம் சராசரியாக 60 நிமிடம். முதல் வாரமே அவ்வளவு வேண்டாம்.

பட்டினி போடாதீர்கள். பேக்கரி பப்ஸையும் கூல்டிரிங்ஸையும் வீட்டில் எல்லோருமே குறையுங்கள், அவனுக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டாம். ஒரு வருஷம் 48 கிலோவிலேயே நின்று 5 செ.மீ. வளர்ந்தாலே பி.எம்.ஐ. 23.5-க்கு இறங்கிவிடும்.

கழுத்தின் பின்புறம் கருத்திருந்தாலோ, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டாலோ, இடுப்போ முழங்காலோ வலித்து நொண்டினாலோ குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

பி.டி. சாரிடம் போய், அவன் நேரத்தை அவனுடைய போன மாத நேரத்தோடு மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். அப்புறம், சாயங்காலம் அவன் அப்பாவையும் கூட அனுப்புங்கள். அவர் எடையை நீங்கள் எழுதவே இல்லையே!