நகையை அடகு வைக்கும் முன் ஒரு பில் புத்தகம் வாங்குங்கள்

சனிக்கிழமை குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். மகன் விருந்துகளில் பானம் கலந்து கொடுக்கும் பார்டெண்டர். அம்மா முந்திரி ஆலைத் தொழிலாளி. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. பையில் மகனின் கேட்டரிங் டிப்ளமோ, ஒரு தனியார் கல்லூரியின் எம்.பி.ஏ. சேர்க்கைக் கடிதம், நகைக்கடன் விண்ணப்பம். இரண்டு ஆண்டுக்கு நான்கு லட்சம். வளைகுடாவில் இருக்கும் மாமா, "கல்யாணத்தில் சாராயம் ஊற்றிக் கொடுப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று கேட்டுவிட்டாராம்.

வழக்கம்போல் ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே அலுத்துவிட்டது. அம்மா, அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எம்.பி.ஏ. முடித்தவர்களை அந்தக் கல்லூரியிலிருந்து யார், எந்த வேலைக்கு அழைத்துப் போகிறார்கள் என்று கேட்டேன். உங்களுக்கும் தெரியவில்லை, தொலைபேசியில் வந்த உங்கள் தம்பிக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்காகத் தாலிச் சங்கிலியை அடகு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆரஞ்சுத் தோலை உள்வெள்ளை ஒட்டாமல் சீவிக் கோப்பைக்கு மேல் முறுக்கினால், அதன் எண்ணெய் எப்படிப் படரும் என்று உங்கள் மகன் கால் மணி நேரம் பேசினான். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேரளத்துக் கோவளத்தில் ஓட்டல் பாரில் இரண்டு ஆண்டு. இப்போது எட்டு மாதமாகத் தனியாக, விருந்துகளுக்குப் போகும் பார்டெண்டர். பதினொரு நிகழ்ச்சிகள் செய்திருக்கிறான். நான்கில் பாக்கி, மொத்தம் 38,000 ரூபாய். வேலை வந்திருக்கிறது, ஒழுங்காகச் செய்திருக்கிறான், காசு கேட்கத்தான் வரவில்லை. அவன் கைபேசியைப் பார்த்தேன்: "அண்ணா, மீதியைக் கொஞ்சம் பார்த்து அனுப்புங்கள்." கூடவே ஒரு கைகூப்பும் படம். இதற்கு எந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவு பணம் போடும்?

அவன் எழுதிய ஒரே பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்திருந்தான். ஏதோ கேட்டரிங்காரரின் பில்லைப் பார்த்து எழுதியதாம். பதிவு எண் இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது, தம்பி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை நம் மாநிலத்தில் பதிவே கட்டாயமில்லை. அந்த வரியை அங்கேயே அடித்தேன்.

பில் என்றால் இப்படி இருக்க வேண்டும். மேலே உன் பெயர், முகவரி, பான் எண், வரிசை எண், தேதி. வாடிக்கையாளர் நிறுவனமென்றால் அதன் முழுப் பெயர். "விஜய் அண்ணன் ஈவன்ட்" என்று எழுதினால் செல்லாது. பிறகு நிகழ்ச்சி நடந்த நாள், இடம், வேலை நேரம். மேசை போட்டு எலுமிச்சை நறுக்கும் இரண்டு மணி நேரத்தையும், விருந்து முடிந்து கிளாஸ் எண்ணும் நேரத்தையும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நீ விடாதே. பேசிய நேரத்துக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கட்டணம். உதவியாள் கூலி, ஐஸ், கிளாஸ் வாடகை, பயணம் எல்லாம் தனித்தனி வரியில், ரசீதுகளுடன். கீழே முன்பணம் கழித்து மீதி, எந்தத் தேதிக்குள் என்பது, வங்கிக் கணக்கு எண். முன்பணம் பாதி. அது வராமல் நாகர்கோவிலில் பஸ் ஏறாதே. நிகழ்ச்சி ரத்தானால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை முதல் நாளே எழுத்தில் பேசிக்கொள்.

மதுவின் விலை மட்டும் உன் பில்லில் ஒருபோதும் வரக் கூடாது. புட்டியை வாங்குவது உரிமம் உள்ள இடமும் விருந்து வைப்பவரும். நீ வாங்கி விலை போட்டால் உரிமமின்றி மது விற்றவன் ஆவாய். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி எந்தப் பக்கமும் புட்டி சுமக்காதே. நம் ஊர் மண்டபங்களில் இந்த வேலைக்கு இடமே இல்லை. 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களுக்கும் சிறப்பு உரிமம் என்று அரசு அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் விலக்கிக்கொண்டது. இங்கே மது கலக்காத பான மேசை போடலாம். நன்னாரியும் இளநீரும் வைத்து அவன் செய்வதாகச் சொன்ன ஒன்றைக் குடித்துப் பார்க்க எனக்கே ஆசை வந்தது.

ஒரு நிறுவனம் பத்து சதவீதம் குறைத்துக் கொடுத்ததை ஏமாற்று என்று நினைத்திருக்கிறான். அது டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி. அவன் பெயரில் வருமான வரித் துறையில் இருக்கும் பணம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும். உத்யம் பதிவையும், அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவையும், இந்த வாரமே செய்யுங்கள், கட்டணமில்லை. காசு கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம். பதிவு செய்த சிறு தொழில் செய்பவருக்கு அதிகம் போனால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி.

மகன் குடித்துவிடுவானோ என்ற உங்கள் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. வேலையில் ஒரு சொட்டும் கூடாது, நள்ளிரவுக்குப் பிறகு பைக்கில் திரும்பக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். தங்கும் செலவும் பில்லில் ஏறட்டும். பெண் கொடுப்பார்களா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கு நான்கு லட்சமும் பதில் இல்லை.

பாக்கி வைத்த நால்வருக்கும் இன்றிரவே பில் போகட்டும். எண் 001-இலிருந்து தொடங்கட்டும். பில்லுக்கு இன்றைய தேதி, நிகழ்ச்சிக்கு நடந்த தேதி. பழைய தேதி போட்டு எழுத வேண்டாம். கைகூப்பும் படமும் வேண்டாம்.