சிபாரிசில் வளர்ந்த அரசியல்வாதி யாராவது அந்த முறைக்கே எதிராகச் சட்டம் போட்டதுண்டா?

உண்டு. செஸ்டர் ஆர்தர், அமெரிக்காவின் 21-ஆம் அதிபர்.

இதைக் கேட்கிறீர்கள் என்றால் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள், இல்லை பக்கத்து வீட்டுப் பையன் ஆள் பிடித்து உள்ளே போனதைப் பார்த்து வயிறெரிந்திருப்பீர்கள். எனக்கு இரண்டுமே பழக்கம்தான். பரீட்சை எழுதி, தட்டச்சு ஹையர் முடித்து இளநிலை உதவியாளர் ஆனவன் நான். ஆர்டர் வந்த அன்று வீட்டுக்கு வந்த சித்தப்பா, கவரைக்கூட வாங்கிப் பார்க்காமல் அப்பாவிடம் கேட்டார்: "எவ்வளவுண்ணே கொடுத்தீங்க?" "ரேங்க்ல வந்திருக்கான்டா" என்றார் அப்பா. "அது சரி, எவ்வளவு?" அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். இன்றுவரை கல்யாண வீடுகளில் என்னிடம் "யார் மூலமா?" என்று கேட்கிறார்கள்.

இந்தக் கடுப்பில்தான் ஆர்தரைப் பற்றித் தேடிப் படித்தேன். செனட்டர் ராஸ்கோ காங்க்லிங்கின் கையாள். 1871-ல் நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகத்தின் தலைமைப் பதவி கிடைத்தது. ஆயிரம் பேர் வேலை பார்த்த இடம். கட்சிக்காரனுக்குத்தான் வேலை, சேர்ந்தவன் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்கு அழ வேண்டும். 1878-ல் அதிபர் ஹேய்ஸ் அவரைத் தூக்கினார். இரண்டே வருடத்தில் துணை அதிபர் வேட்பாளர்! 1881 ஜூலையில் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டவன் கித்தோ, பாரிஸ் தூதரகத்தில் பதவி கேட்டு நடையாய் நடந்து ஏமாந்தவன். "இனி ஆர்தர்தான் அதிபர்" என்று வேறு சொல்லி வைத்தான். செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்தார். அந்தப் பதவிக்கு வந்த ஆர்தர்தான் 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தேர்வு வைத்து ஆள் எடு, ஊழியரிடம் கட்சிக்கு வசூல் செய்யாதே என்றது அது. முன்பின் தெரியாத ஜூலியா சாண்ட் என்ற நோயாளிப் பெண் அவரைத் திருந்தச் சொல்லி எழுதிய 23 கடிதங்கள் தப்பியிருக்கின்றன. தன் காகிதங்களில் பெரும்பகுதியை எரிக்கச் சொன்ன மனிதர் அவர்!

"ஆரம்பத்தில் பத்து சதவீத வேலைக்குத்தானே பொருந்தியது, 1882 தேர்தலில் அடி வாங்கிய பயம்தானே" என்று யாராவது வருவீர்கள். தெரியும். சீனர்கள் குடியேறத் தடை போட்ட சட்டத்திலும் அவர் கையெழுத்துதான். மகான் என்று நான் சொல்லவே இல்லை. 1884-ல் சொந்தக் கட்சியே சீட் தரவில்லை.

அப்புறம், அந்தத் தட்டச்சு ஹையர். பல்லுப் போன மெஷினில் விரல் வீங்க அடித்துப் பாஸ் செய்தேன். சேர்ந்த அன்று எனக்குக் கொடுத்தது தபால் பதிவேடும் ஒரு பேனாவும்.